தெரியாது என்று சொல்லத் தெரிந்த கருவி

2014 ஏப்ரல். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா முடிந்து, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் நான்கு பேரும் மேஜையைச் சுற்றி நின்றபடி, ஒயர்களைக் கழற்றிவிடலாமா, இல்லை எச்ஓடி இன்னொரு தடவை காட்டச் சொல்வாரா என்று பேசிக்கொண்டிருந்தோம். மேஜைமேல் எங்கள் ‘பேஷன்ட் மானிட்டரிங் சிஸ்டம்’: ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டு, ஒரு எல்எம்35 வெப்ப சென்சார், குறுஞ்செய்தி அனுப்ப ஒரு ஜிஎஸ்எம் மோடம், பச்சை வெளிச்சத்தில் 16 எழுத்து 2 வரி எல்சிடி.

லேபைப் பூட்டுவதற்காக அட்டெண்டர் சாவிக்கொத்தோடு வந்தார்.

“என்ன தம்பி, மார்க் போட்டுட்டாரா?”

“போட்டுட்டாருண்ணே. நல்லா இருக்குன்னாரு.”

“இது காய்ச்சல் பாக்குற மிஷினாமே? எனக்கும் ஒரு தடவ பாரு. ரெண்டு நாளா உடம்பு அனலா கொதிக்குது.”

கையை நீட்டிவிட்டார். எங்களில் ஒருவன், பழக்கதோஷம்தான், சென்சாரை எடுத்து அவர் விரல்களுக்கு இடையே வைத்தான். திரையில் 36.8 என்று வந்தது.

“என்னது, முப்பத்தாறா? நூறுல்ல காட்டணும்?”

“அது செல்சியஸ்ணே. இது நார்மல்தான்.”

“அப்ப ஒண்ணுமில்ல. வெயில் சூடுதான் போல.” சிரித்துக்கொண்டே அடுத்த லேபைப் பூட்டப் போனார்.

அந்த 36.8 அவர் உடம்பிலிருந்து வந்ததில்லை. அன்று காலையிலேயே எங்கள் சென்சார் எரிந்துபோயிருந்தது. எல்எம்35க்கு மூன்று கால்கள். அவசரத்தில் பவரையும் கிரவுண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் சில நொடிகளில் விரல் சுடுமளவுக்குக் கொதித்துவிடும். அதைத்தான் செய்திருந்தோம். கைவசம் இன்னொன்று இல்லை, டவுனுக்குப் போய் வர நேரமும் இல்லை. எங்களில் கோடிங் தெரிந்தவன் லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு வரியை மாற்றினான். சென்சாரைப் படிக்கும் வரி போய், ‘ரேண்டம்’ வந்தது. 364 முதல் 372 வரை ஏதோ ஓர் எண்ணை எடு, பத்தால் வகு, திரையில் காட்டு. இரண்டு விநாடிக்கு ஒருமுறை 36.4க்கும் 37.2க்கும் நடுவே எண் மாறிக்கொண்டே இருக்கும். “ஒரே நம்பர் நின்னா டவுட் வரும் மச்சான், கொஞ்சம் ஆடணும்” என்றான். எக்ஸ்டெர்னல் தன் விரலை வைத்துப் பார்த்தார், எண் லேசாக ஆடியது, தலையை ஆட்டினார். நாங்கள் ஆளுக்கொரு நல்ல மார்க் வாங்கினோம்.

எக்ஸாமினரை ஏமாற்றியது எனக்குப் பெரிதாக உறுத்தவில்லை. அது ஒரு விளையாட்டு மாதிரி, இரண்டு பக்கமும் விதி தெரிந்தவர்கள். அட்டெண்டர் அப்படியில்லை. அவர் அந்த எண்ணை நம்பிவிட்டுப் போனார். நான்கு பேர் நின்றோம், ஒருவரும் “அண்ணே, இது சும்மா காட்டுது, ஆஸ்பத்திரில போய்ப் பாருங்க” என்று சொல்லவில்லை. சொல்ல இரண்டு விநாடி போதும்.

*

இதை நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எல்லோரிடமும் இப்படி ஒரு கதை உண்டு. பேச்சு கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்குவது. ப்ராஜெக்ட் சென்டர் என்பது நம் ஊரில் ஒரு தனித் தொழில். டைட்டிலைத் தேர்ந்தெடுத்து அட்வான்ஸ் கட்டினால் போர்டு, கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் வரும். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளும் வரும். எங்கள் வகுப்பில் இரண்டு குழுக்கள் அப்படித்தான் வாங்கின.

அவர்களை நாங்கள் மட்டமாகப் பார்த்தோம். நாங்கள் சென்னைக்கு ரயிலேறி ரிச்சி தெருவில் நாள் முழுக்க அலைந்து ஒவ்வொரு பொருளாக வாங்கியவர்கள். சால்டரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்டவர்கள். எல்சிடியை இணைத்த முதல் நாள் வெறும் பச்சை வெளிச்சம்தான் வந்தது, எழுத்து இல்லை. கான்ட்ராஸ்ட் ப்ரீசெட்டை ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் திருகியபோது மேல்வரியில் கறுப்புக் கட்டங்கள் எழுந்து நின்றன. ஒரு டேட்டா ஒயர் லூஸாக இருப்பதைக் கண்டுபிடிக்க ராத்திரி இரண்டு மணி ஆயிற்று. அதைச் சரிசெய்ததும் ‘ஹலோ’ என்று எழுத்து வந்தபோது ஹாஸ்டல் ரூமில் கத்தினோம். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் வைவா நாளில் நடந்ததை நேராகப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. கடையில் வாங்கிய குழுவின் கருவி ஒரு பக்கெட்டில் தண்ணீர் மட்டத்தை அளந்தது, அளந்ததைத் திரையில் காட்டியது. சொந்தக் கையால் நாங்கள் செய்த கருவி எதையும் அளக்கவில்லை, ஆனால் காட்டியது. யார் நேர்மையானவர்கள்?

‘இரண்டுமே தப்புதான்’ என்று சொல்லிக் கடந்துபோகலாம். ஆனால் இரண்டும் ஒரே தப்பா? செய்வதில் உள்ள நேர்மை, சொல்வதில் உள்ள நேர்மை என்று இரண்டு இருக்கின்றன என்றும், நாம் முதலாவதைப் பற்றியே பேசிக்கொண்டு இரண்டாவதைத் தவறவிடுகிறோம் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

*

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ‘சொந்தமாகச் செய்தது’ என்றால் என்ன? எங்கள் ப்ராஜெக்டில் சொந்தம் எவ்வளவு? எல்சிடிக்கு எழுத்தை அனுப்பும் லைப்ரரி யாரோ எழுதியது. சென்சார் எண்ணை டிகிரியாக மாற்றும் வரி இணையத்தில் எடுத்தது. எல்சிடியே ஹிட்டாச்சி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த ஒரு கன்ட்ரோலர் சிப்பின் மரபில் வந்தது. அந்த வகைத் திரைகள் இன்றும் அதே கட்டளைகளுக்குத்தான் பணிகின்றன. இந்தத் தொழிலில் அறிவு நகலெடுப்பதன் வழியாகவே கைமாறுகிறது. ஓடும் ஒரு கோடை எடுத்து, ஒரு எண்ணை மாற்றிப் பார்த்து, உடைத்து, மறுபடி சேர்த்துத்தான் எவரும் கற்கிறார்கள்.

ஆர்டுயினோவே அப்படி வந்ததுதான். இத்தாலியில் இவ்ரேயா என்ற சிறு ஊரில் ஒரு டிசைன் கல்லூரி இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் தெரியாத கலை மாணவர்களும் மைக்ரோகன்ட்ரோலரைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, எர்னாண்டோ பர்ரகான் என்ற கொலம்பிய மாணவர் 2003இல் தன் முதுகலை ப்ராஜெக்டாக ‘வயரிங்’ என்ற போர்டையும் மென்பொருளையும் உருவாக்கத் தொடங்கினார். அவருடைய வழிகாட்டிகளில் ஒருவர் மாஸிமோ பான்ஸி. 2005இல் பான்ஸியும் வேறு சிலரும் வயரிங்கின் கோடை எடுத்து, விலை குறைந்த சிப்பில் பொருத்தி, ஆர்டுயினோ என்று வெளியிட்டார்கள். பெயர் அந்த ஊரிலிருந்த ஒரு மதுக்கடையின் பெயர். வயரிங்கின் மென்பொருளும் அதற்கு முன்பிருந்த ‘ப்ராஸஸிங்’ என்ற திறந்த மென்பொருளின் மேல் கட்டப்பட்டதுதான்.

ஆக, உலகம் முழுக்க மாணவர் ப்ராஜெக்டுகளின் அடியில் கிடக்கும் பலகையே ஒரு மாணவர் ப்ராஜெக்டின் நகல். இதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை, வயரிங் எவரும் எடுத்தாளலாம் என்று திறந்து வைக்கப்பட்டதுதான். ஆனால் 2016இல் பர்ரகான் ஆர்டுயினோவின் சொல்லப்படாத வரலாறு என்று நீளமாக ஒன்றை எழுதினார். அதைப் படித்தபோது எனக்குப் பட்டது, அவர் வருத்தம் எடுத்துக்கொண்டதைப் பற்றியதைவிட, எங்கிருந்து வந்தது என்பது போதிய அளவு சொல்லப்படாததைப் பற்றியது என்பதுதான். அங்கேயும் காயம் செய்வதில் இல்லை, சொல்வதில் இருக்கிறது.

*

இரண்டாவது நேர்மைக்கு வருகிறேன். இங்கேதான் நான் நெடுநாள் குழம்பிக் கிடந்தேன். ஏனென்றால் எங்கள் பொய் வைவா நாளன்று தொடங்கவில்லை.

செகண்ட் ரிவ்யூவின்போது சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. விரலில் வைத்தால் 32, 33 என்று காட்டியது. கைடு பார்த்துவிட்டு, “மனுஷ உடம்பு 37 இல்லையா? இது என்ன 32 காட்டுது? கேலிப்ரேட் பண்ணுங்கப்பா” என்றார். நாங்கள் அன்று ராத்திரியே கேலிப்ரேட் செய்தோம். அதாவது கோடில் +4 என்று சேர்த்தோம். 33 உடனே 37 ஆயிற்று. கைடுக்குத் திருப்தி.

சென்சார் சரியாகத்தான் சொல்லியிருந்தது. தோலின் மேற்பரப்பு, அதிலும் விரல் நுனி, உடம்பின் உள்வெப்பத்தைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அந்தச் சின்னக் கறுப்புச் சென்சார் விரலின் சூட்டையும் லேபின் ஃபேன் காற்றையும் சேர்த்துத்தான் உணரும். 33 என்பது உண்மை. அந்த உண்மை எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கேலிப்ரேஷன் என்பது மரியாதைக்குரிய வேலை. நம்பகமான ஒரு தெர்மாமீட்டரைப் பக்கத்தில் வைத்து, பல வெப்பநிலைகளில் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, அதன்படி கோடில் திருத்தம் செய்வது. நாங்களும் கோடில் திருத்தம் செய்தோம். இரண்டு கோடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது, இரண்டிலும் ஒரு கூட்டல் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். வித்தியாசம் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. ஒன்றில் அது இன்னொரு கருவியிலிருந்து வருகிறது. இன்னொன்றில் வர வேண்டிய விடையிலிருந்து வருகிறது. +4 சேர்த்த பிறகு எங்கள் கருவி கைடின் எதிர்பார்ப்பைத்தான் காட்டியது. ‘ரேண்டம்’ வரி அதன் தர்க்கபூர்வமான அடுத்த படி, அவ்வளவுதான். விடை ஏற்கெனவே தெரியும் என்றால் சென்சார் எதற்கு?

இன்னும் கீழே போனால் இன்னும் சின்னச் சின்னப் பொய்கள். ஊனோ போர்டு 0 முதல் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி சுமார் 4.9 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. ஆக அந்த அமைப்பில் அரை டிகிரிக்குக் கீழே எங்கள் கருவிக்குக் கண் தெரியாது. ஆனால் நாங்கள் ரிப்போர்ட்டில் ஒட்டிய போட்டோவில் 36.87 என்று இரண்டு தசமம் இருக்கிறது. அந்த 7க்கு ஒரு அர்த்தமும் இல்லை. சரியான கருவி என்று தோன்ற வேண்டும் என்பதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது.

அந்த 5 வோல்ட்டும் அப்படித்தான். கோடில் 5 என்று எழுதிவிட்டோம். பழைய லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்து 4.7 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். போர்டு தனக்கு வரும் மின்னழுத்தத்தையே அளவுகோலாக வைத்துப் பிரிப்பதால், சரியாக 37 டிகிரியில் இருக்கும் சென்சார் திரையில் 39 என்று வரும். லேப்டாப்பை மாற்றினால் ஆளுக்குக் காய்ச்சல் போய்விடும். மல்டிமீட்டரை எடுத்து அந்த 5 வோல்ட்டை அளந்து பார்க்க வேண்டும் என்று எங்கள் நால்வருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை.

*

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் ‘அளவை’ என்ற சொல் எனக்குத் தட்டுப்பட்டது. நமக்கு அளவை என்றால் லிட்டரும் மீட்டரும். பழைய தமிழில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஒன்றை உண்மை என்று எந்த வழியில் அறிகிறோமோ அந்த வழி. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளைச் சந்திக்கும் காதையில் இந்த அளவைகளின் பட்டியல் வருகிறது. சிவஞான சித்தியாரின் சுபக்கம் அளவையில்தான் தொடங்குகிறது. அருணந்தி சிவாச்சாரியார் பலரும் சொன்ன பத்து அளவைகளை மூன்றுக்குள் அடக்கிவிடலாம் என்கிறார்: காண்டல், கருதல், உரை. நேரில் பார்த்து அறிவது, பார்த்ததை வைத்து ஊகித்து அறிவது, நம்பத்தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. கருதலுக்குத் தர்க்க நூல்கள் வழிவழியாகத் தரும் உதாரணம் புகையும் நெருப்பும். மலையில் புகை தெரிகிறது, அங்கே நெருப்பு இருக்க வேண்டும்.

ஃபயர் அலாரம் ப்ராஜெக்ட் செய்த எவருக்கும் இது உடனே புரியும். எம்க்யூ2 சென்சாருக்கு நெருப்பு தெரியாது. சொல்லப்போனால் புகையும் தெரியாது. அதற்குள் சூடேற்றப்பட்ட ஒரு பூச்சின் மின்தடை மாறுகிறது, அவ்வளவுதான். மின்தடை மாறினால் புகை, புகை இருந்தால் நெருப்பு என்பதெல்லாம் கோடு எழுதியவரின் கருதல். எல்எம்35க்கும் வெப்பம் தெரியாது, ஒரு மின்னழுத்தத்தை வெளியே வைக்கிறது. மீட்டர் உயரம் காட்டும் அல்ட்ராசோனிக் சென்சாருக்குத் தூரம் தெரியாது, எதிரொலி திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரம் தெரியும். ஒலி நொடிக்கு இத்தனை மீட்டர் போகும் என்று நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

இப்போது அட்டெண்டரை நினைத்துப் பாருங்கள். அவர் திரையைப் பார்த்தார். தன் கண்ணால் 36.8ஐக் கண்டார். அவரைப் பொறுத்தவரை அது காண்டல். உண்மையில் அவர் கண்டது கருதலும் இல்லாத, வெறும் எங்கள் உரை. நாங்கள் சொன்ன சொல்லை, கண்ணால் கண்ட காட்சி மாதிரி வேஷம் கட்டி அவர் முன் நிறுத்தினோம். ஒரு திரையின் அபாயம் இதுதான் என்று நினைக்கிறேன். வாயால் “உங்களுக்குக் காய்ச்சல் இல்லண்ணே” என்று சொல்லியிருந்தால் அவர் எங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். சின்னப் பசங்க, இவங்களுக்கு என்ன தெரியும் என்று யோசித்திருப்பார். உரையைக் கேட்கும் மனிதன் சொல்பவனை எடைபோடுகிறான். எண்ணைப் பார்க்கும் மனிதன் எவரையும் எடைபோடுவதில்லை. திரைக்கு முகம் இல்லை.

ஆகவே திரையில் ஓர் எண்ணை வைப்பவன் சாட்சி சொல்கிறான். சொந்தமாகச் செய்தானா, வாங்கினானா என்பது இரண்டாவது கேள்வி. சாட்சிக்கு எவ்வளவு தெரியும் என்பதே முதல் கேள்வி. கடையில் வாங்கியவர்களின் தப்பும் இந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவாகிறது. அவர்கள் கருவி உண்மை சொன்னது, ஆனால் அது ஏன் உண்மை, எப்போது பொய்யாகும் என்று அவர்களுக்குத் தெரியாது. பார்க்காத சம்பவத்துக்குச் சாட்சி சொல்லி, தற்செயலாகச் சரியாகச் சொல்லிவிட்டவர்கள். நாங்கள் பார்த்துவிட்டு மாற்றிச் சொன்னவர்கள். கோர்ட்டில் இரண்டுமே குற்றம்தான். ஆனால் கனம் வேறு, எங்களுடையது அதிகம்.

தமிழில் ‘மெய்’ என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும். ஒருவர் மெய்யை அளக்கும் கருவியில்தான் நாங்கள் மெய்யைத் தொலைத்தோம்.

*

சின்னப் பசங்களின் ப்ராஜெக்டுக்கு இவ்வளவு பெரிய விசாரணையா என்று கேட்கலாம். நாங்கள் வைவா முடித்த அடுத்த மாதம், 2014 மே மாதத்தில், அமெரிக்காவில் ஓர் ஆய்வறிக்கை வெளியானது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு. அதில் ஆராய்ச்சி மாணவர்களும் இருந்தார்கள். அரவிந்த் திருவேங்கடம் என்று நம்மூர்ப் பெயரும் ஒன்று உண்டு. டீசல் கார்களின் டிக்கியில் புகையை அளக்கும் கருவிகளை ஏற்றிக்கொண்டு, கலிஃபோர்னியாவின் சாலைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரை கொண்டுபோய் வந்தார்கள். அமெரிக்க டீசல் கார்கள் சுத்தமானவை என்று காட்டலாம் என்பதுதான் தொடக்கத்தில் இருந்த எதிர்பார்ப்பு. லேபில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்த இரண்டு ஃபோக்ஸ்வாகன் கார்கள், சாலையில் அந்த அளவைப் போல ஐந்திலிருந்து முப்பத்தைந்து மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கக்கின.

எதிர்பார்த்த எண் வரவில்லை. எங்களுக்கு நடந்ததேதான் அவர்களுக்கும் நடந்தது. நாங்கள் +4 போட்டோம். அவர்கள் தங்கள் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று சந்தேகித்து மறுபடி மறுபடி சரிபார்த்தார்கள். கருவி சரியாக இருந்தது. எண்ணை அப்படியே எழுதினார்கள்.

2015 செப்டம்பரில் விஷயம் வெடித்தது. அந்தக் கார்களின் மென்பொருள், ஸ்டீயரிங் திரும்புகிறதா, எவ்வளவு நேரம் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்றெல்லாம் பார்த்து, தான் பரிசோதனையில் இருப்பதைத் தெரிந்துகொள்ளும். அப்போது மட்டும் புகையைச் சுத்தம் செய்யும். உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது.

எக்ஸ்டெர்னல் முன்னால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் ப்ராஜெக்ட். செய்தியைப் படித்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அதை எழுதிய இன்ஜினியர்களும் ஒரு காலத்தில் எங்காவது ஒரு லேபில், நேரம் போதாமல், “இப்போதைக்கு இப்படிப் போட்டுவிடலாம்” என்று சொல்லியிருப்பார்கள். நான் அவர்களைவிட நல்லவன் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு அந்த அளவு பெரிய திரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

*

எங்கள் பக்கம் பேசவும் வேண்டும். ரிவ்யூவுக்கு வருபவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அவுட்புட் வருதா?” வருகிறது என்றால் மார்க். ‘வரவில்லை, ஆனால் ஏன் வரவில்லை என்று தெரியும்’ என்பதற்கு மார்க் ஷீட்டில் ஒரு கட்டம் கிடையாது. கைடுக்குப் பத்துப் பன்னிரண்டு குழுக்கள். பையன்களுக்குக் கல்விக் கடன், ப்ளேஸ்மென்ட், வீட்டில் எதிர்பார்ப்பு. ‘சென்சார் எரிஞ்சிருச்சு சார்’ என்று உண்மையைச் சொல்லியிருந்தால் மறுபடி ஒரு நாள் கொடுத்திருப்பார்களா, ஃபெயில் போட்டிருப்பார்களா? தெரியாது. சோதித்துப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. உண்மை சொல்பவனுக்குத் தண்டனை நிச்சயம், பொய் சொல்பவனுக்குத் தண்டனை ஒருவேளை என்று அமைந்த இடத்தில் இருபத்தோரு வயதுப் பையன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை.

ஆனால் இந்த நியாயம் எக்ஸாமினர் வரைக்கும்தான் செல்லும். அட்டெண்டர் எங்களுக்கு மார்க் போடுபவர் இல்லை. அவரிடம் உண்மை சொல்வதில் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அப்படியிருந்தும் சொல்லவில்லை. ஏன்? காலையிலிருந்து எல்லோரிடமும் அந்த எண்ணைக் காட்டிக் காட்டி, மத்தியானத்துக்குள் எங்களுக்கே அது வெப்பநிலை ஆகிவிட்டிருந்தது. நிர்ப்பந்தத்தில் சொல்லும் பொய்யில் நான் பயப்படுவது இதற்குத்தான். நிர்ப்பந்தம் போன பிறகும் அது தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

யாரும் முழுச் சாட்சியாக இருக்க முடியாது என்பதும் உண்மை. எல்எம்35இன் டேட்டாஷீட்டை நான் நம்பித்தான் ஆக வேண்டும். லைப்ரரியை எழுதியவரை, சிப்பைச் செய்தவரை நம்பித்தான் ஆக வேண்டும். அடிமட்டம் வரை எல்லாம் தெரிந்தால்தான் பேசலாம் என்றால் உலகில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. சாட்சியிடம் நாம் கேட்பது எல்லாம் தெரிந்திருப்பதை அல்ல. தெரிந்தது எங்கே முடிகிறது என்று சொல்வதைத்தான். பழைய தர்க்க நூல்கள் அறிவின் குற்றங்களாக ஐயம், திரிபு என்று இரண்டைச் சொல்லும். தூரத்தில் தெரிவது கட்டையா, ஆளா என்று தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு செய்துவிடுவது திரிபு. ஐயத்தில் இருப்பவன் இன்னும் பக்கத்தில் போய்ப் பார்ப்பான். திரிபில் இருப்பவன் ஓடிவிடுவான், அல்லது கம்பை எடுப்பான்.

சில சென்சார்களுக்கு ஐயத்தைச் சொல்லத் தெரியும். டிஎஸ்18பி20 என்று ஒரு வெப்ப சென்சார். அதன் ஒயர் கழன்றுவிட்டால், பரவலாகப் பயன்படும் லைப்ரரி மைனஸ் 127 என்று திருப்பித் தரும். எந்த மனிதனுக்கும் எந்த அறைக்கும் வர முடியாத எண். ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதை அது எண்ணின் மொழியில் சொல்லும் விதம் அது. டிஎச்டி11க்கான பிரபலமான உதாரணக் கோடில் ஓர் ‘இஃப்’ உண்டு: வந்தது எண்ணே இல்லை என்றால், சென்சாரைப் படிக்க முடியவில்லை என்று அச்சிட்டுவிட்டு நின்றுவிடு. மாணவர்கள் டெமோவுக்கு முந்தின நாள் முதலில் அழிப்பது அந்த வரியைத்தான். அசிங்கமாக இருக்கிறதாம். எல்எம்35க்குப் பாவம், அந்த மொழி இல்லை. ஒயர் கழன்றால் அந்தப் பின் காற்றில் தொங்கி ஏதேதோ எண்ணைத் தரும். அதற்காகப் பேச வேண்டியவன் கோடு எழுதுபவன்தான். எண் 10க்குக் கீழே போனால், 45க்கு மேலே போனால், திரையில் மூன்று கோடு போடு. இரண்டு வரி கோடுதான்.

*

இப்போது அவ்வப்போது கல்லூரிகளில் ப்ராஜெக்ட் பார்க்கக் கூப்பிடுகிறார்கள். ஜீரோத் ரிவ்யூவில், ப்ளாக் டயக்ராம் மட்டும் இருக்கும் கட்டத்தில், நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: “இதுக்குத் தெரியாதப்போ திரையில என்ன வரும்?” பெரும்பாலும் பதில் இருக்காது. திட்டத்தில் என்ன அளக்க வேண்டும், என்ன காட்ட வேண்டும், எவ்வளவு செலவு என்று எல்லாம் இருக்கும், அளக்க முடியாத நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்காது. ஃபைனல் ரிவ்யூவில் சென்சார் ஒயரை மெதுவாகப் பிடுங்கிப் பார்ப்பேன். எண் அப்படியே நின்றால் பையன்கள் முகம் மாறும். நான் திட்டுவதில்லை. என் கதையைச் சொல்வேன்.

போன வருஷம் இரண்டு பெண்கள் மண் ஈரம் அளக்கும் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். ஒயரைப் பிடுங்கியதும் திரையில் எண் போய் மூன்று கோடு வந்தது. அதில் ஒருத்தி பதறிவிட்டாள். “ஸாரி சார், அது எரர் சார். அடுத்த ரிவ்யூக்குள்ள எடுத்துடுறோம்.”

“எடுக்காதம்மா” என்றேன். ஏன் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ப்ராஜெக்டில் தப்பு இருந்தது, காய்ந்த மண்ணில் அளவு தாறுமாறாக வந்தது. அதை ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னேன். மார்க் ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால், ‘பிரசன்டேஷன்’ என்ற கட்டத்தில் முழு மார்க் போட்டேன்.

அந்த அட்டெண்டருக்கு அன்று காய்ச்சல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வைவா முடிந்த இரண்டாம் நாள் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அப்படி நினைப்பதற்கு என்னிடம் இருப்பது அன்று திரையில் இருந்த அதே அளவு ஆதாரம்தான்.